வெளிச்சம் பட்டால் சுருதி மாறும் கிதார்

அலுமினியத்தின் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. வீட்டில் யாராவது அலுமினியக் குண்டா வாங்கி வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்தக் குண்டா உங்களை என்ன செய்தது என்று என் மனைவி சிரிப்பாள். குண்டா ஒன்றும் செய்யவில்லைதான். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அந்த உலோகம் என்னைப் படுத்திய பாட்டை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

கோயமுத்தூரில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சின்ன பவுண்டரி இருந்தது. தோட்டம், பருத்தி என்று இருந்த குடும்பம்தான். என் அப்பா நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு நகரத்துக்கு வந்து, இரும்பையும் பித்தளையையும் உருக்கி வார்க்கும் தொழிலில் இறங்கினார். நீலகிரி மலையிலிருந்து பைக்காரா மின்சாரம் வந்த புதிது. கிணற்றுக்குக் கிணறு பம்பு வைக்கத் தொடங்கியிருந்தார்கள். பம்புக்கு உடம்பு வார்ப்போம், மில்களுக்கு உதிரிச் சாமான்கள் வார்ப்போம், எப்போதாவது ஒரு கோயில் மணியும் வார்ப்போம். உலையைப் பார்த்துக்கொண்டவன் என் மாமன் மகன். என் வயதுதான். நான் அவனை மச்சான் என்பேன், அவன் என்னை மாப்ள என்பான். நான் ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்து வர வேண்டியவன். சோமனூருக்கு ஆர்டர் பிடிக்கப் போகிறேன் என்று கிளம்பி, அங்கே யார் வீட்டிலாவது கிராமபோன் பாடினால் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவேன். என்னை வைத்துக்கொண்டு அப்பா பட்ட அவஸ்தை கொஞ்சமல்ல.

வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் எங்களிடம் இயந்திரச் சாமான்கள் வார்க்கக் கொடுப்பார். என் பாட்டுப் பைத்தியம் அவருக்குத் தெரியும். சீமைக்குத் திரும்பும்போது தன்னுடைய மின்சாரக் கிதாரையும் அதன் ஒலிபெருக்கிப் பெட்டியையும் எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். எப்படி வாசிப்பது என்றும் மடியில் வைத்துக் காட்டினார்.

அதைப் பார்த்தவர்கள் யாரும் வாத்தியம் என்று சொல்லவில்லை. வட்டமாக ஒரு தட்டு, அதிலிருந்து நீண்ட ஒரு கழுத்து, முழுவதும் ஒரே அலுமினிய வார்ப்பு. குடம் கிடையாது, துளை கிடையாது. மச்சானின் அம்மா, அதாவது என் அத்தை, பார்த்தவுடனே, “இதென்ன கண்ணு, தோசக்கல்லுக்குக் காம்பு வெச்சாப்பல இருக்குது?” என்றாள். மடியில் படுக்க வைத்து, இடது கையில் ஒரு எஃகுக் கட்டையைப் பிடித்துத் தந்திகளின் மேல் தேய்த்து வாசிக்க வேண்டும். தந்திகளும் எஃகுதான். தந்திகளின் மேல் கவிந்தபடி லாடம் மாதிரி வளைந்த இரண்டு காந்தங்கள் இருக்கும். தந்தியின் அதிர்வு காந்தத்துக்குக் கீழே இருக்கும் சுருளில் மின்சாரமாகி, ஒயர் வழியாகப் பெட்டிக்குப் போய்ச் சத்தமாக வரும். கரண்ட் இல்லாவிட்டால் கொசு பாடுகிற அளவுக்குத்தான் கேட்கும்.

கரண்ட் இருந்தால் கேட்கும் குரலை எப்படிச் சொல்வது? வீணையில் ஒரு சுரத்தைப் பிடித்து இழுத்தால் பாதி வழியில் நாதம் தேய்ந்துவிடும். இதில் தேயாது. போய்க்கொண்டே இருக்கும். கூர்மையாக, கொஞ்சம் குளிர்ச்சியாக, தூரத்தில் ஒரு பெண் வாயைத் திறக்காமல் பாடுவது மாதிரி இருக்கும். எனக்கு அதைக் கேட்டால் மயிர்க்கூச்செறியும். சோறு தண்ணி மறந்து வாசித்துக் கொண்டிருப்பேன்.

அப்போது ஊருக்கு வெளியே ஒரு டாக்கி ஸ்டூடியோ நடந்துகொண்டிருந்தது. காமிரா வண்டிக்குச் சக்கரம் வார்க்கும் வேலையை எங்களிடம் கொடுத்திருந்தார்கள். சக்கரங்களைக் கொண்டு போன அன்று கிதாரையும் பெட்டியையும் சேர்த்தே வண்டியில் ஏற்றிக்கொண்டேன். டைரக்டர் சென்னைப் பட்டணத்துக்காரர். ஆபீஸ் அறையில் வைத்து வாசித்துக் காட்டினேன். சக்கரத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இந்தக் குரல்தான் எனக்கு வேணும். கதாநாயகி காட்டுல தனியா பாடற பாட்டு ஒண்ணு இருக்கு. அதுல இது கூடவே வரணும். பாட்டு நல்லா வந்துட்டா உங்களை நம்ம வாத்திய கோஷ்டியிலேயே வெச்சுக்கிறேன்” என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. “அந்தப் பாட்டு நல்லா வந்துச்சுன்னா நீ உன்ற வழியில போ சாமி. வரலீன்னா பவுண்டரிக்கு வந்துரோணும். ரெண்டுக்கும் நடுவுல நின்னுக்கிட்டு ரெண்டையும் கெடுக்கப்படாது” என்றார். நியாயமான பேச்சு. சரியென்று தலையாட்டினேன். ஆக, என் வாழ்க்கை ஒரே ஒரு பாட்டில் வந்து நின்றது.

இன்றைக்கு மாதிரி பாட்டைத் தனியாகப் பதிவு செய்துகொண்டு பிறகு வாயசைக்கும் வழக்கம் அப்போது அங்கே வந்திருக்கவில்லை. நடிகை காமிராவுக்கு முன்னால் நின்று பாடியே ஆக வேண்டும். மைக்கை ஏதாவது செடிக்குள் ஒளித்து வைப்பார்கள். வாத்தியக்காரர்கள் படத்தில் விழாத தூரத்தில், பொம்மை மரங்களுக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்போம். தகரக் கொட்டகை. வெளிச் சத்தம் கேட்கக்கூடாதென்று கதவுகள் எல்லாம் சாத்தியிருக்கும். மைக்கில் இரையும் என்று மின்விசிறியும் கிடையாது. அதற்குள் பெரிய பெரிய விளக்குகளைப் போடுவார்கள். எங்கள் உலைக்குப் பக்கத்தில் நின்றாலே தேவலை என்றிருக்கும்.

ஒத்திகை விளக்கு இல்லாமல் நடந்தது. அமிர்தமாக வந்தது. ஹார்மோனிய வாத்தியார்தான் கோஷ்டிக்குத் தலைவர். அவரே, “பலே தம்பி” என்றார். பிறகு விளக்குகளைப் போட்டார்கள். நடிகை நின்ற இடத்தைச் சரி பார்த்தார்கள், காமிராவை நகர்த்தினார்கள், முகத்துப் பூச்சைத் துடைத்துப் பூசினார்கள். அதன் பின் பாட்டு ஆரம்பித்தது. நான் முதல் இழுப்பு இழுத்தேன். ஹார்மோனியம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

டைரக்டர் நிறுத்தச் சொன்னார். என் தந்திகள் இறங்கியிருந்தன. ஏற்றினேன். மறுபடி ஆரம்பித்தோம். பாட்டின் நடுவில் இப்போது சுருதி மேலே ஏறிக்கொண்டு போனது. இறக்கினேன். இன்னும் ஏறியது. நடிகை பாடுவதை நிறுத்திவிட்டு, “நான் எதோட சேர்ந்து பாடணும்? அதைச் சொல்லிடுங்கோ” என்று கேட்டுவிட்டாள். ஹார்மோனிய வாத்தியார் என்னைத் திரும்பிப் பார்த்து, “ஏந்தம்பி, காதைக் கழட்டி ஊட்டுல வெச்சுப்போட்டு வந்துட்டீங்களா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்று எடுத்த பிலிம் அத்தனையும் வீண்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் காதைப் பற்றி எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அன்று வீடு வரும் வரை சந்தேகப்பட்டுக்கொண்டே வந்தேன். வீட்டுக் கூடத்தில் எடுத்து வாசித்தால் சுருதி அணுவளவு நகரவில்லை. அப்போதுதான், விளக்குகளை அணைத்தவுடன் உறைக்குள் வைக்க எடுத்தபோது கழுத்து கையைச் சுட்டது நினைவுக்கு வந்தது. சூடு பட்டால் உலோகம் நீளும் என்று தெரியாமல் எந்த வார்ப்படக்காரன் வீட்டிலும் ஒருவன் வளர முடியாது. மெல்லிய எஃகுத் தந்தி முதலில் சூடாகித் தளர்கிறது, சுருதி இறங்குகிறது. கழுத்து மெதுவாகச் சூடாகிறது. ஆனால் அலுமினியம் எஃகைவிட அதிகமாக நீளும். அது நீள நீளத் தந்தியை இழுத்து முறுக்குகிறது, சுருதி ஏறுகிறது. காரணம் தெரிந்ததும் பாதி வேலை முடிந்ததாகச் சந்தோஷப்பட்டேன். மடையன்.

டைரக்டரிடம் விளக்கிச் சொன்னேன். விளக்குகளைக் குறைக்க முடியாது, படம் இருட்டடிக்கும் என்றார். கொட்டகைக்கு வெளியே போய் உட்கார்ந்தால் பாட்டு கேட்காது. உள்ளே எந்த மூலையில் உட்கார்ந்தாலும் அனல். “பாட்டை எவ்வளவு நாள் தள்ளிப் போட முடியுமோ போடறேன். நீங்க சரி பண்ணிட்டு வாங்க” என்றார். நல்ல மனுஷர். அந்த நல்ல குணம்தான் என்னை இன்னும் நெருக்கியது.

முதலில் ஈரத்துணியைச் சுற்றினேன். ஒயரில் எங்கோ கரண்ட் கசிவு இருந்திருக்க வேண்டும், கை முழங்கை வரை உதறிப் போட்டது. துணியை எடுத்துவிட்டேன்.

தந்திகள் உட்காரும் குதிரையை மாற்றினால் சூடு தந்திக்குப் போகாதோ என்று தோன்றியது. பவுண்டரியில் கிடந்த பித்தளைத் துண்டை அறுத்து, அரத்தால் ராவிக் குதிரை செய்தேன். சுருதி அதே மாதிரி ஓடியது. குரல் மட்டும் தடித்துப் போனது. கோட்டைமேட்டில் மாட்டுக் கொம்பில் சீப்புச் செய்யும் பாய் ஒருவரிடம் சொல்லிக் கொம்பில் ஒரு குதிரை செய்து வந்தேன். குரலில் இருந்த கூர்மை மழுங்கிவிட்டது, சுருதியோ வழக்கம்போல் ஓடியது. கையில் பிடிக்கும் கட்டையைக் கூட விட்டுவைக்கவில்லை. செம்பில் ஒன்று, கண்ணாடியில் ஒன்று என்று மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குரல். அது வரைக்கும் தந்தி பாடுகிறது என்றுதான் நினைத்திருந்தேன். தந்தி எதன் மேல் உட்கார்ந்திருக்கிறதோ, எதனால் தொடப்படுகிறதோ, அவை எல்லாம் சேர்ந்து பாடுகின்றன என்று தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோசனம்? சுருதி நிற்கவில்லையே!

கடைசியில் வீணை செய்பவர்கள் நம்புகிற பலா மரத்தையே நாமும் நம்புவோம் என்று, அதே அளவில் பலாக்கட்டையில் ஓர் உடம்பு செய்யச் சொன்னேன். காந்தம், சுருள், தந்தி, தந்தி முறுக்கும் பிரடை எல்லாவற்றையும் கழற்றி அதில் பொருத்தினேன். ஸ்டூடியோவில் வைத்துச் சோதனை செய்தோம். தந்தி சூட்டில் தளர்ந்ததும் ஒருமுறை ஏற்றிவிட்டேன்; அதன் பிறகு விளக்கு எரிய எரியச் சுருதி கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. டைரக்டர் கண்ணை மூடிக் கேட்டார். கண்ணைத் திறந்தபோதே முகம் சரியில்லை.

“சுருதி நிக்குது. ஆனா இது வீணை மாதிரின்னா இருக்கு? வீணைதான் வேணும்னா நான் வீணையே வெச்சுக்க மாட்டேனா?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் பலாக்கட்டையை அங்கேயே இரண்டாக உடைத்திருப்பேன். ஆனால் அவர் சொன்னது உண்மை. எனக்கும் கேட்டது. அந்தத் தூரத்துப் பெண் போய்விட்டாள். குரல் அலுமினியத்தில் இருந்தது, சுருதியைக் கெடுத்ததும் அதே அலுமினியம்தான். இதை யாரிடம் போய்ச் சொல்லிச் சண்டை போடுவது?

பவுண்டரியில் உலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மச்சானிடம் புலம்பினேன். அவன் கிதாரின் கழுத்தை விரலால் சுண்டிப் பார்த்தான்.

“கழுத்து ரொம்ப மெலிசா இருக்குது மாப்ள. இதையே மொத்தமா வார்த்தா சூடேற நேரமாகும். அதுக்குள்ள பாட்டு முடிஞ்சு போயிருமல்லோ?”

“மொத்தமா வார்த்தா குரல் போயிருமே மச்சான்.”

“எங்கெ போகுது? விரிசல் உட்ட கோயில் மணிய என்ன பண்றோம்? அதையே உருக்கி அதுலயே வார்க்கறோம். குரல் போயிருதா?”

அவன் சொன்னது எங்கள் தொழிலில் யாரும் மறுக்காத விஷயம். கோயில் மணி கெட்டுப் போனால் புது வெண்கலத்தில் வார்ப்பதில்லை. பழைய மணியை உடைத்து, உருக்கும் பாத்திரமான மூசையில் போட்டு, குறைகிற அளவுக்கு மட்டும் புது உலோகம் சேர்த்து வார்ப்போம். பழைய குரல் புது மணிக்கு இறங்கிவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. நம்பிக்கை என்ன, நானே கேட்டிருக்கிறேன், இறங்கத்தான் செய்தது. அப்பாவிடம் கேட்டோம். “ஆகாத வார்ப்ப உலைக்கே குடுக்கறது நமக்கென்ன புதுசா?” என்றார். ஓட்டையை அடைப்பதும் ஒட்டு வைப்பதும் எங்கள் பவுண்டரியில் கேவலம். தப்பான வார்ப்பை உடைப்பதற்கு எங்களில் யார் கையும் நடுங்கியதில்லை.

கிதாரின் கழுத்தின் மேல் ஒரு மரத்துண்டை ஏற்றி மொத்தமாக்கி, மண்ணில் பதித்து அச்சு எடுத்தோம். பிறகு கிதாரைச் சூடாக்கிச் சம்மட்டியால் அடித்தோம். மச்சான்தான் அடித்தான். உடைந்த துண்டுகள் மூசைக்குப் போயின. அவை போதவில்லை. நசுங்கிய அலுமினியக் குண்டாக்கள் கொஞ்சம், லாரி பிஸ்டன் உடைசல் கொஞ்சம் சேர்த்தோம். கோயில் மணி வார்க்கும்போது பெண்கள் ஏதாவது நகைத்துண்டு போடுவது வழக்கம் என்பதால் அத்தை கற்பூரம் கொளுத்தி வைத்து, தன் மூக்குத்தித் திருகாணியைக் கழற்றி மூசைக்குள் போட்டுவிட்டாள். மச்சான் தலையில் அடித்துக்கொண்டான். “நல்லா வரோணும்னுதான் போட்டேன், போடா” என்றாள். எனக்கும் அன்று எல்லாம் நல்லதாகவே பட்டது.

மண்ணை உடைத்து எடுத்தபோது அழகாகத்தான் இருந்தது. ராவி, தேய்த்து, காந்தங்களைப் பொருத்தித் தந்தி கட்டினேன். முதல் இழுப்பு இழுத்தேன். தொண்டை கட்டியவன் பாடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. இழுத்த நாதம் நாலடி போகவில்லை, உட்கார்ந்துவிட்டது.

“புதுசு இல்லியா, வாசிக்க வாசிக்கத் தொறந்துக்கும்” என்றான் மச்சான். நாள் பூராவும் வாசித்தேன். திறந்துகொள்ளவில்லை. வார்த்த மிச்சத்தில் ஒரு துண்டை அறுத்துப் பார்த்தோம். உள்ளே ஊசி குத்தியது போல் பொடிப் பொடியாகக் குமிழிகள். இரும்புக்கும் வெண்கலத்துக்கும் பழகிய உலை எங்களுடையது. அலுமினியத்தை அவ்வளவு சூட்டில் காய்ச்சினால் காற்றைக் குடித்துக்கொள்ளும் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. குண்டாவும் பிஸ்டனும் என்ன சரக்கோ அதுவும் தெரியாது. மறுபடி உருக்கி வார்த்தோம். குரல் இன்னும் மோசமாக வந்தது. எந்தச் சரக்கில் எந்தக் குரல் இருந்தது என்று பிரித்து எடுக்க இனி யாராலும் முடியாது. வெண்கலம் பழைய குரலைத் திருப்பிக் கொடுத்ததே, இந்தக் கேடுகெட்ட உலோகத்துக்கு அந்த நன்றிகூட இல்லையே என்று வாய்விட்டுத் திட்டினேன்.

ஆனால் சுருதி நின்றது. உலைக்குப் பக்கத்தில் வைத்து, தந்தி சூடேறியதும் ஒருமுறை ஏற்றிவிட்டு வாசித்துப் பார்த்தேன், ஒரு பாட்டு நேரத்துக்கு நின்றது. அதையே பிடித்துக்கொண்டேன். விளக்கு வெளிச்சத்தில் சுருதி நின்றால் போதும், குரலைப் பற்றி டைரக்டர் கொஞ்சம் விட்டுக் கொடுப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த நிலையில்தான் ஸ்டூடியோ கார் பவுண்டரி வாசலில் வந்து நின்றது. உடனே கிதாரோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் எனக்கு என்னவோ போல் இருந்தது. விளக்கே எரியவில்லை. சுற்றிலும் சாக்குப் படுதா தொங்கியது. உள்ளே குளுகுளுவென்று இருந்தது. ஹார்மோனிய வாத்தியாரும் நடிகையும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

டைரக்டர் என் தோளில் கை போட்டார். “இனிமே உங்களுக்குக் கவலையே இல்லை. புது முறை வந்தாச்சு. முதல்ல பாட்டை மட்டும் இருட்டுலேயே பதிவு பண்ணிக்கறோம். அப்புறம் விளக்கைப் போட்டு, அதைக் கேட்டுக்கிட்டே வாயசைச்சா போதும். உங்க கிதார் மேல ஒரு சொட்டு வெளிச்சம் படாது. வாசிங்க” என்றார்.

 உட்கார்ந்து உறையைக் கழற்றி வாசித்தேன். சுருதி சுத்தமாக நின்றது. அது யாருக்கும் தேவைப்படவில்லை. டைரக்டர் அன்று போலவே கண்ணை மூடிக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இதுவும் ஏதோ செஞ்சு பார்த்திருக்கீங்க. உங்க சிரமம் புரியுது. ஆனா அதெல்லாம் இனிமே வேணாம். அந்தப் பழசையே கொண்டு வந்துடுங்க.”

“இதுதானுங்க அது” என்றேன்.

அவர் சிரித்தார். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். “கார்லயே போயிட்டு வாங்க. இவ்வளவு நாள் காத்துட்டோம், இன்னும் கொஞ்சம் காத்துக்கிறோம்” என்று டிரைவரைக் கூப்பிட்டார். ஹார்மோனிய வாத்தியாரும் எழுந்து வந்து, “மெதுவாவே போயிட்டு வாங்க தம்பி, அந்தக் கொரலைக் கேக்கோணும்னுதான் எல்லாரும் ஒக்கார்ந்திருக்கறோம்” என்றார். அன்று என் காதைக் கிண்டல் செய்தவர், அவ்வளவு மரியாதையாகப் பேசினார். அந்த மனுஷரிடம் போய் அது உலையில் உருகிவிட்டது என்று எப்படிச் சொல்வது? காரில் ஏறிவிட்டேன்.

பவுண்டரி வாசலில் இறங்கினேன். “சுருக்கா எடுத்துட்டு வந்துருங்க” என்றான் டிரைவர். சரியென்று உள்ளே போனேன். மச்சான் உலையில் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். பம்பு உடம்பு ஒன்றுக்கு அச்சு தயாராக இருந்தது. நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அந்த அச்சின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினேன்.

வாசலில் ஹாரன் அடித்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தது.

“யாருக்கு மாப்ள கார் நிக்குது?” என்று கேட்டான் மச்சான்.

“எனக்குத்தான்” என்றேன். அச்சை உலைக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தோம்.